சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்

கேள்வி:

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். என் மகன் 30 வாரத்தில், 1.3 கிலோ எடையில் பிறந்தான். இங்கே பிரசவம் ஆன அன்றே 108-ல் கோவைக்குக் கொண்டுபோனார்கள். 38 நாள் ஆஸ்பத்திரி. முதல் நான்கு நாள் மூக்கு வழியே அழுத்தமாகக் காற்று கொடுக்கும் சிபேப் மெஷின், பிறகு இரண்டு வாரம் மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன். இப்போது 1.85 கிலோ. ஆக்சிஜன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வந்து நாலு நாள் ஆகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் கால் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தோம். ஒரு தடவை 88, ஒரு தடவை 91, இன்னொரு தடவை 94. பக்கத்து வீட்டுத் தாத்தா வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடக்கிறது, ராத்திரி மட்டும் கொஞ்சம் வைக்கலாம் என்கிறார் மாமியார். ஆக்சிஜன் வைத்தால் கண் போய்விடும், கோவையில் வைத்ததே தப்பு என்கிறார் பெரியம்மா. பிறந்த உடனே முழு ஆக்சிஜன் கொடுக்காமல் விட்டதால்தான் இத்தனையும் என்று வீட்டில் ஒரு பேச்சு. டிஸ்சார்ஜ் சீட்டில் கண்ணுக்கு ‘ஸ்டேஜ் 1, ஸோன் 2, இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை’ என்று எழுதியிருக்கிறது. அந்தத் தேதி இந்த வாரம். மழையும் குளிருமாக இருக்கிறது, குன்னூர் ரோட்டில் மண் சரிவு என்கிறார்கள். ஒரு மாதம் தள்ளிப் போகலாமா? என் கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு அடிக்கிறார், வண்டிக்குக் குறைவில்லை. குழந்தையைக் கொண்டுபோகத்தான் பயமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம், ஊட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பிவிட்டேன். குழந்தையை இன்றே ஊட்டி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், சிலிண்டரை எடுக்காதீர்கள், கண் பரிசோதனைத் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்று. அதன் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். மலையில் குறைமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்த 88. ரத்தம் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏந்தியிருக்கிறது என்று ஆக்சிமீட்டர் காட்டும் எண் அது. நீங்கள் மாட்டியது பெரியவர் விரலுக்காகச் செய்த கிளிப். அதைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், எதிர்ப்பக்கம் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் சின்ன ஜன்னல் இருக்கும். ஒளி சதைக்குள் புகுந்து வந்தால்தான் கருவிக்குக் கணக்கு வரும். இரண்டு கிலோகூட இல்லாத குழந்தையின் கட்டைவிரல் அதற்குள் தொளதொளவென்று நிற்கும். ஒளி விரலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அப்படி ஒழுகும்போது இந்தக் கருவிகள் 80-களில் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டுவது வழக்கம். போதாததற்கு ஊட்டிக் குளிரில் பாதம் சில்லிட்டிருக்கும், குழந்தை காலை உதைக்கும்.

அதற்காக 88 பொய் என்று நான் சொல்லிவிடவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்தபடி அதைத் தீர்மானிக்க வழியில்லை, அதனால்தான் அன்றே போகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று ரிப்பன் போன்ற ப்ரோப் இருக்கிறது. பாதத்தைக் கையில் வைத்துச் சூடாக்கி, விளக்கும் ஜன்னலும் நேருக்கு நேர் வருகிற மாதிரி பாதத்தைச் சுற்றி ஒட்டுவார்கள். மேலே ஒரு சாக்ஸ். திரையில் அலை ஒரே சீராக ஓட வேண்டும். அதில் வரும் நாடித்துடிப்பும், ஸ்டெத் வைத்து எண்ணும் இதயத்துடிப்பும் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணைப் படிப்போம். அதையும் ஒரு நொடி பார்த்து எழுதிவிட மாட்டோம். பால் குடிக்கும்போது, குடித்து முடித்த பிறகு, அயர்ந்து தூங்கும்போது என்று சில மணி நேரம் மாட்டி வைத்துப் பார்ப்போம். தூக்கத்தில்தான் குறைமாதக் குழந்தைகளுக்கு எண் இறங்கும்.

இனி, கோவையில் ஆக்சிஜன் இல்லாமல் நன்றாக இருந்த பிள்ளைக்கு ஊட்டியில் ஏன் குறைய வேண்டும்? இதை உங்கள் கணவரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த விஷயம்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன் போல உப்பிவிடும். உங்கள் சமையலறையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமாகும். இரண்டுக்கும் காரணம் ஒன்று: மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 411 மீட்டரில். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்திருப்பதால், ஊட்டியில் இழுக்கும் ஒரு மூச்சு, கோவையில் 16, 17 சதவீத ஆக்சிஜனை இழுப்பதற்குச் சமம். திருப்பிச் சொன்னால், கோவையில் வெறும் காற்று கொடுக்கிறதை ஊட்டியில் கொடுக்க ஏறக்குறைய 26, 27 சதவீத ஆக்சிஜன் தேவை.

நிறைமாதமாகப் பிறந்த, நுரையீரல் தேறிய பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்திலும் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். அங்கே ஆரோக்கியமான குழந்தைக்கே எண் சமவெளியை விடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. ஊட்டியில் ஒரு குழந்தைக்கு 94 காட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் சிபேப்பில் இருந்து, இரண்டு வாரம் ஆக்சிஜனில் இருந்து மீண்ட பிள்ளையின் நுரையீரல் வேறு. கோவையில் 94, 95-ல் விளிம்பில் நின்றுகொண்டிருந்திருந்தால், மலை ஏறியதும் 90-க்குக் கீழே போகலாம். கோவை டாக்டர்கள் தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பார்த்த இடத்தில் அந்த எண் சரியாகவே இருந்திருக்கும். மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பிள்ளையை வைத்திருக்கும் எல்லாப் பெற்றோரையும் நான் கேட்டுக்கொள்வது இது: டிஸ்சார்ஜ் பேசும் நாளில் “எங்கள் வீடு ஊட்டியில், ஏழாயிரம் அடிக்கு மேலே” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொடைக்கானல்காரர்கள் மதுரையில் சொல்லுங்கள். முகவரி அட்மிஷன் சீட்டில் இருக்கும், உயரம் இருக்காது. சொன்னால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள், அல்லது மேலே வந்த மறுநாளே இங்குள்ள ஆஸ்பத்திரியில் ஒரு தடவை அளக்க எழுதிக் கொடுப்பார்கள்.

சரி, எண் உண்மையிலேயே குறைவாக இருந்தால் சிலிண்டர் இருக்கிறதே என்று மாமியார் கேட்பார். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார். அவருக்கு நான் சொல்கிற பதில் கொஞ்சம் நீளமானது, பெரியம்மாவின் பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

கண்ணின் பின்புறத் திரையில் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் 16-வது வாரம் வாக்கில் நடுவிலிருந்து முளைத்து, ஓரத்தை நோக்கி மெல்லப் படரும். மூக்குப் பக்கத்து ஓரத்தை 36 வாரத்திலும், காதுப் பக்கத்து ஓரத்தை ஏறக்குறைய 40 வாரத்திலும் தொடும். வயிற்றுக்குள் பிள்ளையின் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் குழாய்களை வளரச் சொல்லித் தூண்டுகிறது. 30 வாரத்தில் பிள்ளை வெளியே வந்து, அதன் மேல் ஆக்சிஜனும் அதிகமாகப் போனால், தூண்டுதல் நின்றுபோகும். குழாய்கள் பாதி வழியில் நின்றுவிடும். சில வாரம் கழித்து, குழாய் போய்ச் சேராத ஓரப்பகுதி பசியில் துடிக்கும்போது, கன்னாபின்னாவென்று புதுக் குழாய்கள் கிளம்பும். அவை பலவீனமானவை. ரத்தம் கசியும், தழும்பாகும், தழும்பு சுருங்கும்போது விழித்திரையையே பிடுங்கிக்கொண்டு வரும். இதைத்தான் ஆர்.ஓ.பி. என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய்.

1942-ல் பாஸ்டன் நகரத்தில் டெரி என்ற கண் டாக்டர் இதை முதலில் விவரித்து எழுதினார். காரணம் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகளை ஆக்சிஜன் நிறைந்த இன்குபேட்டரில் வாரக்கணக்கில் வைப்பது அந்தக் காலத்தில் நல்ல ஆஸ்பத்திரிகளின் வழக்கம். உலகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண் இழந்தார்கள். 1951-ல் மெல்போர்ன் நகரத்து டாக்டர் கேட் கேம்ப்பெல்தான் ஆக்சிஜனைச் சந்தேகித்து எழுதினார், அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1954-ல் அதை உறுதிப்படுத்தியது. பெரியம்மா சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது. அவர் காதுக்கு யார் வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது, பொய்யில்லை.

ஆனால் அதற்கடுத்து நடந்ததையும் அவர் கேட்க வேண்டும். ஆக்சிஜன் கெடுதல் என்றதும் எல்லோரும் கையை இறுக்கிக்கொண்டார்கள். 40 சதவீதத்துக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று ஆனது. கண் போவது குறைந்தது. மூச்சுக்குத் திணறிய பிள்ளைகள் இறந்தார்கள், பிழைத்தவர்களில் பலருக்கு மூளை பாதித்தது. காப்பாற்றிய ஒவ்வொரு கண்ணுக்கும் பல உயிர்களைக் கொடுத்திருக்கிறோம் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்தார்கள். இந்த நூற்றாண்டில், பல நாடுகளில் 28 வாரத்துக்கு முன்பே பிறந்த சுமார் 5,000 குழந்தைகளை வைத்து மறுபடியும் அளந்து பார்த்தார்கள். எண்ணை 85–89-ல் வைத்தால் கண் சிகிச்சை தேவைப்படுவது குறைகிறது, இறப்பு கூடுகிறது. 91–95-ல் வைத்தால் உயிர் தங்குகிறது. அதனால்தான் ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90-க்கும் 95-க்கும் நடுவில் எண்ணைப் பிடித்து வைக்கிறோம். கோவையில் உங்கள் பிள்ளையின் படுக்கைக்கு மேலே மெஷின் அடிக்கடி கத்தியிருக்கும். 90-க்குக் கீழே போனால் கத்துவதைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். 95-க்கு மேலே போனாலும் கத்தியிருக்கும். நர்ஸ் வந்து குமிழைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போயிருப்பார். அந்தத் திருப்பலில்தான் உங்கள் பிள்ளையின் கண் இருந்தது. ஆகவே அங்கே வைத்த ஆக்சிஜன் தப்பில்லை, அதுதான் அவனை உயிரோடு உங்கள் மடிக்குக் கொண்டுவந்தது என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் தப்புச் செய்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்பு, சமவெளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். 1.2 கிலோவில் ஒரு பெண் குழந்தை. ஆக்சிமீட்டர் கிடையாது, காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் பிளெண்டர் கிடையாது. கண்ணாடிப் பெட்டி போன்ற ஹூட், ஒரு சிலிண்டர், அவ்வளவுதான். பிள்ளை ரோஜாப்பூ மாதிரி சிவந்து கிடந்தாள், நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒன்பது நாள் ஆக்சிஜன் ஓடியது. எழுதிக் கொடுத்தது நான். கண்ணைப் பார்க்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. நான்கு மாதம் கழித்து அந்த அம்மா தூக்கிக்கொண்டு வந்து, “விளக்கு ஏத்தினா இவ திரும்ப மாட்டேங்கறா சார்” என்றார். டார்ச் அடித்தேன். கருவிழி நடுவில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. இரண்டு கண்ணிலும். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார். அந்த டார்ச் வெளிச்சம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் அளக்காமல் ஓடும் ஆக்சிஜன் என்றால் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இப்போது தாத்தாவின் சிலிண்டருக்கு வருவோம். அதில் இருக்கும் ஃப்ளோமீட்டர் பெரியவர்களுக்கானது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு மேலே எழும்பி 1, 2, 3 என்று 15 லிட்டர் வரை காட்டும். உங்கள் பிள்ளைக்கு ஒருவேளை ஆக்சிஜன் தேவைப்பட்டால் அது நிமிடத்துக்குக் கால் லிட்டர், அதற்கும் குறைவாக இருக்கலாம். அந்தக் கண்ணாடியில் கால் லிட்டரை வைக்கவே முடியாது, குண்டு அடியில் ஆடிக்கொண்டிருக்கும். “சும்மா ஒரு லிட்டர்தானே” என்று தோன்றும். பெரியவர் இழுக்கும் மூச்சில் ஒரு லிட்டர் கரைந்துபோகும். இரண்டு கிலோப் பிள்ளையின் மூக்கில் ஒரு லிட்டர் ஓடினால் உள்ளே போவது ஏறக்குறைய 60 சதவீத ஆக்சிஜன். அரை லிட்டரே சுமார் 40 சதவீதம். கண்ணில் ஸ்டேஜ் 1 இருக்கும் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க, எச்சரித்துக் கத்த ஒரு மெஷின் இல்லாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், படித்தவர்கள்கூட இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் மாட்டிய குழந்தைக்கு ஆக்சிமீட்டர் 100 காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அங்கேதான் பயம். ரத்தத்தில் ஆக்சிஜன் வேண்டிய அளவு இருந்தாலும் கருவி 100 காட்டும், அதைப் போல மூன்று மடங்கு இருந்தாலும் அதே 100-தான் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எண் இல்லை. வெறும் காற்றை மூச்சுவிடும் பிள்ளைக்கு 100 வந்தால் நல்லதுதான், காற்றில் அவ்வளவுதான் இருக்கிறது. ஆக்சிஜன் ஓடும்போது 100 வந்தால் உடனே குறைக்க வேண்டும்.

இதை நான் மலைப்பாதையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊட்டியில் 40 சதவீதத்தில் 92 காட்டும் பிள்ளையை இன்குபேட்டர் வைத்த ஆம்புலன்சில் ஏற்றி இறங்குவோம். குன்னூர் வரும்போது 94. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்க இறங்க எண் ஏறும். பர்லியாறு கிட்டத்தில் 98, 99. கூட வரும் பாட்டி “நல்லா தேறிட்டான் சார்” என்று கண்ணைத் துடைப்பார். பிள்ளை தேறவில்லை பாட்டி, காற்று கனத்துவிட்டது. அந்த இடத்தில் குமிழைக் குறைக்க வேண்டும், மேட்டுப்பாளையத்தில் மறுபடி குறைக்க வேண்டும். நீலகிரியில் ஆம்புலன்சில் போகும் நர்ஸ் தம்பி தங்கைகளுக்கு நான் எப்போதும் சொல்வது: ஊட்டியில் வைத்த அளவைக் கோவை கேட் வரை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

பிரசவ அறையில் முழு ஆக்சிஜன் கொடுக்கவில்லை என்ற பேச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எந்தக் குழந்தையும் பிறந்த உடனே 95-ல் இருக்காது. ஒரு நிமிடத்தில் 60–65, ஐந்து நிமிடத்தில் 80–85, பத்து நிமிடத்தில்தான் 85–95. நீலமாகப் பிறந்து மெல்லச் சிவப்பது இயற்கை. டில்லியில் டாக்டர் ராம்ஜியும் கூட இருந்தவர்களும் 1993-லேயே, மூச்சுவிடாத பிள்ளையை வெறும் காற்றை வைத்தே மீட்க முடியும் என்று காட்டினார்கள். நம் நாட்டிலிருந்து போன அந்த வேலையும் சேர்ந்துதான் உலகத்தின் வழக்கத்தை மாற்றியது. இன்று நிறைமாதப் பிள்ளைக்கு வெறும் காற்றில்தான் தொடங்குவார்கள். உங்கள் மகனைப் போன்ற 30 வாரப் பிள்ளைக்கு 30 சதவீதம் அளவில் தொடங்கி, வலது கையில் அளந்துகொண்டே கூட்டுவார்கள், குறைப்பார்கள். உங்களுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் அதுதான் பெரிய மருந்து.

ஊட்டி மருத்துவமனையில் அளந்து பார்க்கும்போது தூக்கத்திலும் எண் 92, 93-க்கு மேல் நின்றால் பெரும்பாலும் ஒன்றும் தேவைப்படாது. அதற்குக் கீழே நின்றால் ஏன் என்று முதலில் தேடுவார்கள். சளியா, தொற்றா, பால் மூச்சுக்குழாயில் போகிறதா, ரத்தம் குறைவா, இதயத்தில் ஏதாவதா என்று. நுரையீரல் மட்டும்தான் காரணம் என்றால், வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ள அவர்களே சொல்லலாம். சில குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அது கால் லிட்டரையும் பிரித்துக் காட்டும் சின்ன ஃப்ளோமீட்டர், குழந்தை அளவு மூக்குக் குழாய், குழந்தை ப்ரோப் வைத்த ஆக்சிமீட்டர், எந்த எண்ணுக்கு எவ்வளவு என்று எழுதிய சீட்டு, வாராவாரம் குறைத்துப் பார்க்க ஒரு தேதி, இவ்வளவோடும் வரும். அப்போதும் அந்த அறையில் பீடி, ஊதுபத்தி, குத்துவிளக்கு எதுவும் கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறி பெரிய தீயாகும்.

வீட்டில் இன்னொன்று என்னைக் கவலைப்பட வைக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊட்டியில் இந்தக் குளிரில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு, ஜன்னலைச் சாத்தி, அறையைச் சூடாக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாமல் 97, 98 என்று அழகாகக் காட்டும். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவதும் இந்த நுரையீரலுக்கு ஆகாது. தலையைத் துணியால் ஒற்றி எடுத்துக் குல்லா போட்டால் போதும்.

சூட்டுக்கு உங்கள் நெஞ்சு இருக்கிறது. பிள்ளைக்கு டயப்பரும் குல்லாவும் சாக்ஸும் மட்டும் போட்டு, உங்கள் இரு மார்புக்கு நடுவே தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, மேலே கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். மூக்கும் வாயும் மூடாதபடி முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். மாமியாரிடமும் கணவரிடமும் முறை வைத்துக் கொடுங்கள். கோவையிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கங்காரு முறை என்று. அது 1978-ல் அந்தப் பொகோட்டாவில்தான் பிறந்தது, இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில். ஊட்டியை விட உயரமான ஊரில் ஓடிய வழி நமக்கு ஓடாதா? குளிர்ந்த பிள்ளைக்கு ஆக்சிஜன் அதிகம் செலவாகும். சூடாக இருக்கும் பிள்ளை மூச்சையும் சீராக விடும்.

கை, பாதம் மட்டும் கொஞ்சம் நீலமாக இருந்தால் குளிரால் இருக்கும், சூடாக்கிப் பாருங்கள். உதடு, நாக்கு நீலமானால் காத்திருக்கக் கூடாது. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு 60-க்கு மேல் போனால், விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழி விழுந்தால், மூச்சு விடும்போது முனகினால், பால் குடிக்கச் சோர்ந்துபோனால், மூச்சு 20 நொடி நின்றால், உடனே 108. அந்த நேரத்தில் ஆக்சிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாகக் கண். ஸோன் 2 என்றால் குழாய்கள் பாதி தூரம் தாண்டிவிட்டன, ஓரத்தை இன்னும் தொடவில்லை. ஸ்டேஜ் 1 என்றால் வளர்ந்த பகுதிக்கும் வளராத பகுதிக்கும் நடுவே மெல்லிய கோடு தெரிகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். எந்தப் பிள்ளைக்குச் சரியாகும், எந்தப் பிள்ளைக்கு ஏறும் என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மகன் இப்போது கணக்குப்படி 36 வாரம். இதிலிருந்து 40 வாரம் வரைதான் நோய் ஏறும் காலம். ஏறினால் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பார்வை தங்கும். நீங்கள் தள்ளலாமா என்று கேட்ட ஒரு மாதம் சரியாக அந்த ஒரு மாதம். (மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 34 வாரத்துக்கு முன்பு பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைக்கும், ஆக்சிஜன் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை ஆக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. அந்த வாரத்தில் பிறந்து கொஞ்சம் எடை கூடுதலாக இருக்கும் பிள்ளைகளுக்கும் நம் நாட்டில் இது வருகிறது, எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

பயணத்துக்குப் பயப்பட வேண்டாம். கீழே இறங்க இறங்க உங்கள் பிள்ளைக்கு மூச்சு லேசாகத்தான் ஆகும். ஊட்டி டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு புறப்படுங்கள். குன்னூர் பாதை அடைத்திருந்தால் கோத்தகிரி வழி இருக்கிறது, காலையில் கிளம்பும் முன் கணவர் தன் லோடு நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். கேரட் வண்டி வேண்டாம், கண்ணாடி ஏற்றிய கார் பிடியுங்கள், வழியெல்லாம் பிள்ளை உங்கள் நெஞ்சோடு இருக்கட்டும். நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து வேலை செய்ய நேரமாகும், அதனால் சீக்கிரம் போய்ச் சேருங்கள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் கக்கிப் புரையேறும். பார்க்கும்போது பிள்ளை வீறிட்டு அழுவான். இமையைப் பிரித்து வைக்க ஒரு சின்னக் கம்பி வைப்பார்கள், பார்க்கக் கஷ்டமாக இருக்கும். உங்களால் முடியாவிட்டால் மாமியாரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், முடிந்ததும் உடனே உங்கள் மாரில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தேதியை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கவனம் வேண்டியது திரும்பி ஏறும்போதுதான். மேலே வந்த மறுநாள் காலையில், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், ஊட்டி மருத்துவமனையில் தூக்கத்தில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். கண் டாக்டர் என்ன எழுதினார், தூக்கத்தில் எண் என்ன வந்தது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.